சாட்டையும் சுவரும்

காங்கேசன்துறைப் பக்கத்தில் எல்லைவேலிக்காக அண்ணனும் தம்பியும் கத்தி தூக்கினார்களெனக் கேட்டால், "கோபம்" என்று சொல்லி அப்பாற் போய்விடுகிறோம். கோபம் கணப்பொழுதினது, கத்தியை எடுப்பிப்பது பெரும்பாலும் பல்லாண்டாக உள்ளே கிடந்த மனக்குறையே.

5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட தாதுசேனன், உடன்பிறந்தாள் மகனாகிய சேனாபதிக்குத் தன் மகளைக் கொடுத்தான். அவனோ குற்றமற்ற மனைவியைத் தொடையிற் சாட்டையால் அடித்தான். இரத்தந் தோய்ந்த ஆடையைக் கண்ட மன்னன், அடித்தவனை விட்டு அவன் தாயை எரிப்பித்தான். அவள் தன் உடன்பிறந்தாளென்பதை மறந்தானே!

சேனாபதி அந்த வன்மத்தை ஆறவிடவில்லை. தாயின் குலத்தால் தாழ்த்தப்பட்ட மூத்த மகன் காசியப்பனிடம் சென்றான். மன்னன் சிறைப்பட்டான். செல்வமெல்லாம் தம்பி மொகல்லானனுக்கே என்று சேனாபதி மீண்டும் ஊதினான். காலவாவிக் குளத்தைக் காட்டி, என் செல்வம் இதுவேயென்றான் தந்தை. ஈற்றில் அவனை உயிருடன் சுவரில் வைத்துப் பூசினர். இவ்வாறு சூளவம்சம் கூறும்.

இன்று அடிபட்ட மகளுக்கு வேறு வழியுண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றில் முறையிடலாம். 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளையும், பின்னர் 12 மாதம்வரை பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். உடன்பிறந்தாரும் இச்சட்டத்துள் அடங்குவர்.