காயத்துக்கு மருந்திடுவது மட்டும் போதுமா?

அமெரிக்காவில் 1 வயது முதல் 19 வயது வரையானோரின் உயிரிழப்புக்கான காரணங்களில் நீண்டகாலமாக முதலிடம் வகித்தவை வாகன விபத்துக்களாகும். 2020ஆம் ஆண்டில் அந்த இடத்தைத் துப்பாக்கிகள் பிடித்துக்கொண்டன. அவ்வாண்டில் மாத்திரம் இவ்வயதினரில் 4,300 இற்கும் அதிகமானோர் துப்பாக்கிகளுக்குப் பலியாகினர்.

இதனைப் பொலிஸாரும் நீதிமன்றங்களும் மாத்திரம் கவனிக்க வேண்டிய விடயமாகக் கருதாது, பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக நோக்கிய சிறுவர் நல வைத்தியர்களின் பணி எமது கவனத்துக்குரியது. பிலடெல்பியா சிறுவர் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியரான ஜோயெல் பைன் இவர்களுள் முக்கியமானவர். அங்குள்ள வன்முறைத் தடுப்பு நிலையத்தின் இணைப் பணிப்பாளராகவும் அவர் பணியாற்றினார்.

இவர்களது வாதம் எளிமையானது. காயமடைந்த சிறுவன் சிகிச்சை பெற்று அதே தெருவுக்கே திரும்புகின்றான். பழைய பகையும் அச்சமும் பழிவாங்கும் எண்ணமும் அங்கு அவனுக்காகக் காத்திருக்கின்றன. அவன் மீண்டும் காயமடையலாம். அல்லது இன்னொருவனைக் காயப்படுத்தலாம். ஆகவே சிகிச்சையுடன் வைத்தியசாலையின் கடமை முடிந்துவிடுவதில்லை. சமூகப் பணியாளர்கள் சிறுவனையும் குடும்பத்தினரையும் சந்தித்து, வீடு திரும்பிய பின்னரும் பல மாதங்கள் தொடர்பைப் பேணுகின்றனர். பாடசாலைக்குத் திரும்புதல், உளவளத்துணை, பாதுகாப்பான வதிவிடம் என்பவற்றுக்கு வழி செய்கின்றனர். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 1994 இல் ஆரம்பிக்கப்பட்ட திட்டம் இத்தகைய பணிகளுக்கு முன்னோடியாகும். அதே சுற்றாடலில் வளர்ந்து வன்முறையின் வலியை அனுபவித்தவர்களே அங்கு கட்டிலருகே சென்று பேசினர். பொலிஸாரிடம் வாய் திறக்காத இளைஞனும் அவர்களுக்குச் செவிசாய்ப்பான் என்பதே அதன் அடிப்படையாகும்.

ஆயினும் ஆபத்து தெருவில் மாத்திரம் இல்லை. தற்கொலைகளும் தவறுதலான வெடிப்புக்களும் பெரும்பாலும் வீடுகளிலேயே நிகழ்கின்றன. எனவே துப்பாக்கி பூட்டி வைக்கப்பட்டுள்ளதா, ரவைகள் வேறாக உள்ளனவா எனச் சிறுவர் நல வைத்தியர்கள் பெற்றோரிடம் வினவுகின்றனர். இக்கேள்வியைக் கட்டுப்படுத்த 2011 இல் புளோரிடா மாநிலம் சட்டமியற்றியது. அதன் முக்கிய பிரிவுகள் பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானவை என 2017 இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆய்வுகளுக்கும் தடை இருந்தது. அரச நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் பயன்படுத்தலாகாது என 1996 இல் காங்கிரஸ் விதித்த நிபந்தனையால், இத்துறைக்கான அரச ஆய்வு நிதி இரு தசாப்தங்களுக்கும் மேலாக ஏறக்குறைய வற்றிப்போயிருந்தது. 2019 டிசம்பரிலேயே இவ்வாய்வுகளுக்கென 25 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது.

மக்கள் தொகையை விடத் துப்பாக்கிகளின் தொகை அதிகமென மதிப்பிடப்படும் ஒரு நாட்டில் வைத்தியர்களால் மாத்திரம் இக்கொடுமையை நிறுத்திவிட முடியாது. ஆயினும் வாகனங்களைத் தடைசெய்யாமலேயே ஆய்வுகளாலும் ஆசனப் பட்டிகளாலும் வீதி மரணங்களைப் பெருமளவு குறைத்த நாடு அதுவேயாகும். குழந்தைகளை வாகனங்களிடமிருந்து காக்க எடுத்த முயற்சியைத் துப்பாக்கிகள் விடயத்திலும் எடுக்க அந்நாட்டு அரசியல்வாதிகள் ஏன் தயங்க வேண்டும் என்பதே இவ்வைத்தியர்களின் பணி எழுப்பும் வினாவாகும்.