பணம் திரும்பியது, குறிப்புகள் திரும்பவில்லை

நூலொன்றை விலைக்கு வாங்கி வீட்டு அலமாரியில் வைக்கிறோம். விற்ற கடை பின்னர் மூடப்பட்டாலும் நூல் நம்முடையதே. கடைக்காரர் வந்து அதை எடுத்துச் செல்வதில்லை. ஆனால் கணினி உலகில் இந்த நியதி செல்லாது என்பதை 2019-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று நமக்கு உணர்த்துகிறது.

அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017-இல் தன் கணினிக் கடையில் மின்னூல்களை விற்கத் தொடங்கியது. ஈராண்டுகளில் அவ்வாணிபத்தைக் கைவிடுவதாக 2019 ஏப்ரலில் அறிவித்தது. ஜூலை மாதத்தில், மக்கள் விலை கொடுத்து வாங்கிய நூல்களும் மறைந்தன. காரணம் இதுவே: அவை பூட்டிடப்பட்ட நூல்கள். அவற்றைத் திறக்க நிறுவனத்தின் கணினி அனுமதி தர வேண்டும். அனுமதி நின்றதும் நூலும் நின்றது. மக்கள் வாங்கியது நூலை அன்று. படிக்கும் உரிமையை மட்டுமே.

நிறுவனம் ஏமாற்றியது என்று நாம் கூறோம். அது முன்னறிவிப்புத் தந்தது. கொடுத்த விலை முழுவதையும் திருப்பித் தந்தது. நூலில் குறிப்பெழுதி வைத்திருந்தோர்க்கு மேலும் 25 டாலர் வரவு வைத்தது. ஆனால் ஒருவர் இரவெல்லாம் விழித்துப் படித்து எழுதிய எண்ணங்களுக்கு 25 டாலர் ஈடாகுமா? பாட்டியின் செபப்புத்தகத்தில், இறந்துபோன குழந்தையின் பெயரைப் பென்சிலால் எழுதிய பக்கம் ஒன்று இருந்தால், அதற்கு விலை கூற எந்தக் குடும்பம் இசையும்?

பங்குதோறும் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் இருக்க வேண்டும். பழைய ஏடுகளையும் கருத்துடன் பேண வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 535) பணிக்கிறது. எழுதியவர் மறைந்தாலும் எழுதப்பட்ட பெயர் மறையலாகாது. குடும்பங்களுக்கும் இந்தக் கவனம் தேவை.

இன்று பிள்ளையின் முதல் நற்கருணைப் படமும், மறைந்த தாயின் குரலும், எங்கோ உள்ள நிறுவனத்தின் கணினியில் கிடக்கின்றன. இலாபம் குறைந்தால் அக்கதவு அடைபடலாம். எனவே ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளன்று குடும்பமாக அமருங்கள். அருமையான படங்களையும் குரல்களையும் உங்கள் சொந்தச் சேமிப்புக் கருவியில் படியெடுங்கள். சில படங்களைத் தாளில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் நாளும் எழுதுங்கள்.

தாளும் ஒருநாள் செல்லரிக்கும் என்பதை நாம் அறிவோம். எனினும் வாணிபர் பொருளை விற்கலாம். நம் முன்னோரை நினைவுகூரும் கடமையை அவர்களிடம் ஒப்படைத்தல் தகாது.