படுக்கை விரிக்கப் படிக்கணுமா?

"ஹோட்டல்ல வேலை" என்று ஊரில் சொன்னால் அடுத்த நொடி வரும் கேள்வி, "சமையலா, சப்ளையரா?" மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. அதைச் சொல்ல வாய் வராது. பெரிய ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் பயிற்சி எடுக்கப் போகிற பையன், சொந்தக்காரர்களிடம் "ஹோட்டல் மேனேஜ்மென்ட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவான். அதை முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. காரணம் பிறகு வருகிறது.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது காணை. ஒன்றியத் தலைமையிடம். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை. கடலைப் பார்க்கவேண்டுமென்றால் விழுப்புரம் போய், அங்கிருந்து புதுச்சேரி பஸ் பிடிக்கவேண்டும். ஆனால் அந்தக் கடற்கரைதான் இன்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை வைத்திருக்கிறது. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தொடங்கி வடக்கே மாமல்லபுரம், கோவளம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ரிசார்ட்டுகள். கோவளத்தில் பழைய டச்சுக் கோட்டை இருந்த இடத்தில் தாஜ் குழுமத்தின் 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்' எழுந்தது 1970களில். 2019 அக்டோபரில் சீன அதிபரைச் சந்திக்க வந்த பிரதமர் தங்கியது அங்கேதான். 12ஆம் தேதி காலையில் அவர் கடற்கரையில் குப்பை பொறுக்கிய காணொளியை நாடே பார்த்தது. பொறுக்கிய மூட்டையை ஹோட்டல் ஊழியர் ஒருவரிடம் கொடுத்ததாக அவரே எழுதினார். பிரதமருக்கு அது அரை மணி நேர வேலை. மூட்டையை வாங்கிக்கொண்டவருக்கு தினசரி வேலை.

சரி, பெருக்கித் துடைக்க எதற்குப் பயிற்சி? வீட்டில் அம்மாவும் அக்காவும் செய்வதுதானே?

இந்தக் கேள்விதான் இந்தத் தொழிலுக்குப் பிடித்த சனி. வீட்டில் நாம் செய்யும் முறை, ஹோட்டல் அறைக்கு ஏறக்குறைய நேர் எதிர். நமக்கு சுத்தம் என்றால் தண்ணீர். வாளி வாளியாக ஊற்றி, சீமாறால் தள்ளி, வாசல் வழியே வெளியேற்றினால்தான் மனசு ஆறும். ஹோட்டலில் குளியலறைத் தரை ஈரமாக இருந்தாலே குறை. விருந்தாளி வழுக்கி விழுவார், குழாயில் உப்புக்கறை படியும். கடைசித் துளிவரை துடைத்து உலர்த்தவேண்டும். நாம் முதலில் பெருக்குவோம், பிறகு மெத்தையை உதறுவோம். அங்கே அழுக்குத் துணியை உருவுவது முதல், படுக்கை விரிப்பது அடுத்தது, தூசி துடைப்பது அதற்கும் பின்னால், தரை கடைசி. மேலிருந்து கீழ், உள்ளிருந்து வெளியே. துணியை உதறும்போது பறக்கிற தூசி எங்கே போய் உட்காரும் என்று யோசித்தால் அந்த வரிசை ஏன் என்று புரியும். முதல் வாரம் முழுக்கப் பழைய பழக்கத்தை மறக்கவே சரியாகப் போய்விடும்.

கதவைத் தட்டுவதுகூட ஒரு பாடம். சாவியால் தட்டக்கூடாது, விரல் முட்டியால் தட்டவேண்டும். "ஹவுஸ் கீப்பிங்" என்று குரல் கொடுத்து, காத்திருந்து, மறுபடி தட்டி, மறுபடி காத்திருந்து, பிறகுதான் கதவைக் கொஞ்சமாகத் திறந்து மீண்டும் குரல் கொடுக்கவேண்டும். "தொந்தரவு செய்யாதீர்" அட்டை தொங்கினால் தட்டவே கூடாது. யாரும் கதவைத் தட்டாமல், "அத்தே..." என்று கூப்பிட்டபடி நேராக அடுப்படிக்கே வந்துவிடுகிற ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

படுக்கை விஷயத்துக்கு வருவோம். விரிப்பின் முனையைத் தூக்கி, மடித்து, 45 டிகிரியில் ஒரு கோடு விழும்படி மெத்தைக்கு அடியில் செருகவேண்டும். பார்த்தால் கடிதம் மடிப்பதுபோல இருக்கும். வீட்டு மெத்தையில் நானும் முயன்று பார்த்தேன். நான்கு மூலைக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று, அதில் இரண்டு மூலை மூலையாகவே இல்லை. வேலைக்குப் போகிறவர் முழுப் படுக்கையையும் சில நிமிஷங்களில் முடித்தாகவேண்டும். கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடக்கூடாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகவேண்டும். தலையணை உறையின் திறந்த வாய் அறைக் கதவைப் பார்க்காமல் இருக்கவேண்டும். உள்ளே நுழைகிறவர் கண்ணில் தையலும் மடிப்பும் படக்கூடாது, அவ்வளவுதான் காரணம். ஆனால் ஆய்வுக்கு வரும் சூப்பர்வைசர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிறகு பாட்டில்கள். இந்திய ஹோட்டல்களில் வேலை பார்த்த யாரிடமும் "ஆர்-ஒன், ஆர்-டூ" என்று சொல்லுங்கள், முகம் மலரும். டாஸ்கி என்ற பிராண்டின் துப்புரவுத் திரவங்கள் அவை. குளியலறைக்கு ஆர்-1, பொதுவான பரப்புகளுக்கு ஆர்-2, கண்ணாடிக்கு ஆர்-3, மரச்சாமானுக்கு ஆர்-4, அறை மணக்க ஆர்-5, கழிப்பறைக் கோப்பைக்கு ஆர்-6. எட்டாம் வகுப்போடு நின்றவரும் இந்த வாய்ப்பாட்டை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார். கஷ்டம் வேறு இடத்தில். "நிறைய ஊத்தினா நல்லாப் போகும்" என்ற நம் நம்பிக்கையைக் கைவிடவேண்டும். குறிப்பிட்ட அளவு தண்ணீரில் கலக்கவேண்டும். தெளித்ததும் தேய்க்காமல், மருந்து வேலை செய்யச் சில நிமிஷம் விடவேண்டும். கோப்பையைக் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நெஞ்சை அடைக்கும். இந்த ஒரு பாடத்தை மட்டும் பயிற்சிக்கு வராதவர்களுக்கும் சொல்லலாம். பண்டிகைக்கு முதல்நாள் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இந்தக் கலவைதான்.

கழிப்பறை துடைத்த துணி தண்ணீர்த் தம்ளர் பக்கம் போகக்கூடாது என்பதற்காகத் துணிகளுக்கு நிறம் பிரித்திருப்பார்கள். மேஜையில் கிடக்கும் துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடக்கூடாது. குப்பைக் கூடைக்குள் இருப்பது மட்டுமே குப்பை. அறை காலியாகி அழுக்காக இருந்தால் 'வி.டி.', காலியாகிச் சுத்தமாக இருந்தால் 'வி.சி.' என்று தாளில் குறிக்கவேண்டும்.

ரிசார்ட் என்பதால் இன்னும் சில தலைவலிகள் கூடும். நகரத்து ஹோட்டலில் ஒரே தளத்தில் வரிசையாக அறைகள். ட்ராலியைத் தள்ளிக்கொண்டே போகலாம். ரிசார்ட்டில் ஒவ்வொன்றும் தனித்தனிக் குடில். நடுவில் தோட்டம், மணல், வெயில். ஒரு துண்டு குறைந்தால் அதற்கு ஒரு நடை. உப்புக்காற்றில் குழாயும் கைப்பிடியும் துருவேறும். எவ்வளவு துடைத்தாலும் கடல் மணல் மட்டும் தீராது. படுக்கைக்குள், குளியலறை வடிகாலுக்குள், திரைச்சீலை மடிப்புக்குள் எல்லாம் இருக்கும். அப்புறம் பல்லி. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கிற ஊர்க்காரர், பல்லியைக் கண்டு அலறுகிற விருந்தாளி கூப்பிடும்போது சிரிக்காமல் போய் நிற்பதும் பயிற்சிக்குள் அடக்கம்.

இதையெல்லாம் எங்கே கற்பது? சென்னை தரமணியில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் இருக்கும் ஹோட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனம் 1963இல் தொடங்கியது. அங்கே மூன்றாண்டுப் பட்டம் படிக்கிறவர்கள் சமையல், பரிமாறல், வரவேற்பு ஆகியவற்றோடு அறைப் பராமரிப்பையும் படித்தாகவேண்டும். நாளைக்கு ஜெனரல் மேனேஜர் ஆகப்போகிறவரும் முதலில் படுக்கை விரித்தவர்தான். நம் பையன் "ஹோட்டல் மேனேஜ்மென்ட்" என்று சொன்னது பொய்யில்லை என்றது இதனால்தான். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களை தமிழக அரசு நிறுவனமான தாட்கோ தன் செலவில் அங்கே படிக்க வைக்கிறது. பட்டத்துக்கெல்லாம் நேரமில்லை என்பவர்களுக்காக, 2009-10இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் 'ஹுனர் சே ரோஜ்கார் தக்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பெயர் இந்தியில் இருந்தாலும் பொருள் எளிது: கைத்திறனிலிருந்து வேலைவரை. கட்டணமில்லாத சில வாரப் பயிற்சி. மூன்றாவது வழி, அப்ரண்டிஸாக ஹோட்டலிலேயே சேர்ந்துவிடுவது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆகவேண்டும் என்று 2019இல் விதியைத் திருத்தினார்கள். பத்தாவது முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 6,000 ரூபாய் என்றும் அப்போது வைத்தார்கள்.

சேருமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: பயிற்சி முடிந்ததும் சம்பளப் பட்டியலில் ஏற்றப்போவது ஹோட்டலா, கான்ட்ராக்ட் ஏஜென்சியா? ஒரே அறையை, ஒரே பாட்டிலால், ஒரே சட்டை போட்டுத் துடைக்கும் இருவருக்கு இந்த ஒரு விஷயத்தால் சம்பளமும் விடுமுறையும் மாறிவிடும்.

உடம்பைப் பற்றிப் பயிற்சியில் கொஞ்சம்தான் பேசுகிறார்கள் என்பது என் குறை. ஒரு ஷிஃப்டுக்குப் பதினான்கு, பதினைந்து அறைகள் என்பது இந்தத் தொழிலில் சாதாரணக் கணக்கு. அறைக்கு அரை மணி வைத்தாலும் ஏழு, ஏழரை மணி நேரம். குனிந்தபடி, மெத்தையைத் தூக்கியபடி. இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு என்று ஒருமுறை சொல்லிக்கொடுப்பார்கள். நேரம் துரத்தும்போது யார் முழங்காலை மடக்குவது? லாஸ் வேகாஸில் 2002இல் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து ஆய்வாளர்கள் ஹோட்டல் பெண் தொழிலாளர்களைக் கேட்டபோது, வேலையால் வலி உண்டு என்றவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. கலிஃபோர்னியா மாநிலம் 2018இல் இவர்களின் தசை, மூட்டுக் காயங்களைத் தடுப்பதற்கென்றே தனி விதி கொண்டுவந்தது. இங்கே, வேலையிடத்தில் உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். துணிக்கடைப் பெண்களை நினைத்துக் கொண்டுவந்த திருத்தம். தங்கும் விடுதிகளும் அந்தச் சட்டத்துக்குள் வருபவைதான். ஆனால் அறைக்குள் இருக்கும் நாற்காலி விருந்தாளியுடையது. அதில் உட்கார்ந்தால் எச்சரிக்கை ஓலை வரும்.

அமெரிக்காவில் 2007இல் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. ஏழு ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும் 84 பெண்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம், "நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சி" என்று விளக்கினார்கள். நான்கு வாரத்தில் அவர்களுக்கு எடையும் ரத்த அழுத்தமும் குறைந்ததாம். மனசின் வலிமைக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ, இது முதலாளி கையில் கிடைத்தால் சம்பள உயர்வுக்குப் பதிலாக வாசித்துக் காட்டிவிடுவாரோ என்றுதான் தோன்றுகிறது.

உடம்புவலியைவிட ஆழமானது ஒன்று உண்டு. "கக்கூஸ் கழுவவா படிக்க வெச்சேன்?" என்ற வீட்டுக் குரல். நம் ஊரில் அந்த வேலை எந்தத் தெருவின் தலையில் கட்டப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஒரு வீடு வெட்கத்தில் மறுக்கிறது, இன்னொரு வீடு "மறுபடியும் இதுவா" என்ற கசப்பில் மறுக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கமுடியாது. "ஹவுஸ் கீப்பிங்" என்ற ஆங்கிலச் சொல் ஆஸ்பத்திரி, ஐ.டி. கம்பெனி, மால் என்று எல்லா இடத்திலும் இன்று பரவியிருப்பதற்கு, அந்தப் பழைய சொற்களைச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்பதும் ஒரு காரணம். பெயரை மாற்றியதில் தப்பில்லை. ஆனால் திரவங்களின் அளவு, துணிகளின் நிறம், தாளில் எழுதும் குறிகள், அரை மணியில் ஓர் அறை என்று இத்தனையும் தேர்ந்த ஒருவரைச் சம்பளம் பேசும்போது மட்டும் "அன்ஸ்கில்டு" என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? பயிற்சி வேண்டும் என்று வாரக்கணக்கில் நிற்க வைத்தவர்களே, கற்றுக்கொள்ள எதுவுமில்லாத வேலை என்று கூலியைக் குறைக்கிறார்கள்.

பெண்களை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஒன்று. அறைக்குள் வேலை செய்யும்போது கதவைத் திறந்து வைத்து, ட்ராலியைக் குறுக்கே நிறுத்தவேண்டும் என்பது பயிற்சியிலேயே வருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களைக் கேட்க உள்குழு இருக்கவேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சேரும் நாளிலேயே அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டு, பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசிப் பாடம் அறையைவிட்டு வெளியேறுவது. உள்ளே இருந்து வாசலை நோக்கிப் பின்னாலேயே நகர்ந்தபடி தரையைத் துடைக்கவேண்டும். துடைத்த இடத்தில் தன் கால்தடம் விழக்கூடாது. வாசலில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்க்கவேண்டும்: திரை, விளக்கு, ஏ.சி., தலையணை வாய். கதவை இழுத்துச் சாத்தி, பூட்டிக்கொண்டதா என்று கைப்பிடியைத் திருகிப் பார்த்து, தாளில் 'வி.சி.' என்று எழுதவேண்டும். பிறகு ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த குடிலின் கதவை முட்டியால் தட்டவேண்டும்.