அபாயப் பகுதியில் தகவல் வடங்கள்

நுழையும்முன்

கணினியை இணையத்தோடு இணைக்கும் கம்பிவடத்தைத் தொட நாம் அஞ்சுவதில்லை; அதில் பாயும் மின்னாற்றல் மிகக் குறைவு. அதே வடம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில், எரிவாயு கசியக்கூடிய இடத்தில் அமையுமானால் நிலைமை வேறாகிறது. அத்தகைய இடங்களுக்குரிய தகவல் வடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சிறு பொறியின் ஆற்றல்

தீப்பற்றுவதற்கு எரிபொருள், ஆக்சிஜன், தீமூட்டும் ஆற்றல் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூட வேண்டும். எண்ணெய், எரிவாயு ஆலைகளில் முதலிரண்டையும் முற்றிலும் விலக்குதல் அரிது. எனவே, மூன்றாவதைத் தடுப்பது பொறியாளரின் முதன்மைக் கடமையாகிறது. காற்றோடு தக்க அளவில் கலந்த மீத்தேன் தீப்பற்ற ஏறத்தாழ 0.28 மில்லிஜூல் ஆற்றல் போதும். ஒரு கிராம் நிறையுள்ள பொருளை 3 சென்டிமீட்டர் உயர்த்த ஆகும் ஆற்றல் ஏறத்தாழ இவ்வளவே. ஹைட்ரஜனுக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

இக்காலத்தில் கண்காணிப்புக் கேமரா போன்ற கருவிகளுக்குத் தகவலையும் மின்சாரத்தையும் ஒரே ஈதர்நெட் வடத்தில் அனுப்புகின்றனர். இதற்கென 2003ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தரநிலை 15.4 வாட் வரை வழங்க இடமளித்தது. 2018ஆம் ஆண்டுத் தரநிலை அதனை 90 வாட் வரை உயர்த்தியது. 15.4 வாட் வழங்கி ஒரு நொடியில் தரும் ஆற்றல், மீத்தேன் தீப்பற்றத் தேவையானதைப்போல் 55,000 மடங்காகும். அது முழுவதும் பொறியாக மாறுவதில்லை. ஆயினும், மின்சாரம் பாயும்போதே இணைப்பைப் பிடுங்கினாலோ வடம் அறுந்தாலோ, அதில் மிகச்சிறு பகுதியே பேரிடர் விளைவிக்கப் போதுமானது.

வரலாறு தந்த பாடம்

வேல்சு நாட்டின் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 1913ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நேர்ந்த வெடிப்பில் 439 தொழிலாளர்கள் மாண்டனர். வெடிப்பின் காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை. எனினும், சுரங்கத்தில் செய்தி அறிவிக்கப் பயன்பட்ட மின்மணிக் கருவியில் எழுந்த பொறியும் காரணமாக இருக்கலாம் என ஐயுறப்பட்டது. அக்காலச் சுரங்கங்களில் உறையற்ற இரு கம்பிகளை ஒன்றோடொன்று தொடச்செய்து மணியடிப்பது வழக்கம். அம்மணியை இயக்கியது மின்கலத்தின் சிறு மின்னழுத்தமே. மின்னழுத்தம் குறைவு என்பதனாலேயே ஒரு கம்பி பாதுகாப்பானதாகிவிடாது என்பதை அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகள் உணர்த்தின. பழுது நேர்ந்தாலும் தீமூட்டும் அளவுக்கு ஆற்றல் வெளிப்படாதவாறு மின்சுற்றையே வடிவமைக்கும் 'உள்ளார்ந்த பாதுகாப்பு' என்னும் கோட்பாடு இவ்வாய்வுகளின் வழியே உருவாயிற்று.

முதலில் இடத்தை அறிதல்

வடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அது செல்லும் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். எரிவாயு இருக்கும் பகுதிகளைப் பன்னாட்டுத் தரநிலைகள் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன. வெடிக்கத்தக்க கலவை இடைவிடாமலோ நெடுநேரமோ நிலவும் இடம் மண்டலம் 0. எண்ணெய்த் தொட்டியின் உட்புறம் இதற்குச் சான்று. இயல்பான பணியின்போது அவ்வப்போது அக்கலவை தோன்றக்கூடிய இடம் மண்டலம் 1. இயல்பாகத் தோன்றாமல், தோன்றினும் சிறிது நேரமே நிலவும் இடம் மண்டலம் 2. மாவு, சர்க்கரை போன்றவற்றின் நுண்தூசி பரவும் ஆலைகளுக்கு இவ்வாறே 20, 21, 22 என்னும் மண்டலங்கள் உள்ளன.

அபாயப் பகுதிக்கு வெளியே அமைக்கக்கூடிய கருவியை உள்ளே கொண்டுசெல்லாதிருப்பதே முதல் விதி. தவிர்க்க இயலாதவற்றுக்கு மட்டுமே வடம் உள்ளே செல்ல வேண்டும்.

வடத்தின் வகை

செப்புக்கம்பி கொண்ட வழக்கமான ஈதர்நெட் வடம் 100 மீட்டர் வரை பயன்படும். மண்டலம் 2இல், சான்று பெற்ற கருவிகளோடும் தக்க பாதுகாப்போடும் அதனை அமைக்க இயலும். தொலைவு மிகுந்தாலோ அபாயம் கூடினாலோ வேறு வழி நாட வேண்டும்.

2019ஆம் ஆண்டுத் தரநிலையின்படி அமைந்த இருகம்பி ஈதர்நெட், நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 1000 மீட்டர் வரை தகவலைக் கொண்டுசெல்லும். ஆலைகளுக்கென அதனை விரிவாக்கிய முறையில், தலைமை வடத்திலிருந்து பிரியும் கிளை வடங்களை உள்ளார்ந்த பாதுகாப்புடன் மண்டலம் 0 வரை கொண்டுசெல்லலாம். வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் உணர்விகளுக்கு இவ்வேகம் போதுமானது.

ஒளியிழை வடத்தில் மின்சாரம் பாய்வதில்லை. அருகிலுள்ள மின்னோடிகளின் காந்தப்புலமும் அதன் தகவலைக் குலைப்பதில்லை. ஆயினும், அதுவும் முற்றிலும் தீங்கற்றதன்று. இழை முறியுமிடத்தில் வெளிப்படும் ஆற்றல்மிக்க லேசர் ஒளி, தூசித் துகளைச் சூடாக்கி அதன்வழித் தீமூட்டக்கூடும். எனவே, ஒளியின் திறனுக்கும் வரம்பு வகுக்கப்பட்டுள்ளது.

உறையும் நுழைவாயிலும்

வடத்தின் மேலுறை எண்ணெய்க்கும் வேதிப்பொருள்களுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். வழக்கமான பி.வி.சி. உறை எரியும்போது நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் குளோரைடு வெளியாகும். ஆகவே, பணியாளர் தப்பிச்செல்லும் வழிகளில் புகை குறைந்த, ஹாலஜன் அற்ற உறையே ஏற்றது. வடம் நசுங்கவோ எலிகளால் கடிபடவோ வாய்ப்புள்ள இடங்களில் எஃகுக் கம்பிக் கவசம் தேவை. கவசம் முறையாக நிலத்தொடர்பு பெற்றிருக்க வேண்டும்.

வடம் பெட்டிக்குள் நுழையுமிடத்தில் பொருத்தப்படும் கேபிள் கிளாண்டு பலரால் கவனிக்கப்படாத உறுப்பாகும். உட்கம்பிகளின் இடைவெளி வழியே வாயு ஊர்ந்து, அபாயமற்றதாகக் கருதப்படும் கட்டுப்பாட்டு அறையையும் அடையக்கூடும். அதனைத் தடுக்க, தேவையான இடங்களில் அடைப்புப் பசை நிரப்பிய கிளாண்டைப் பயன்படுத்துவர். வடமின்றித் திறந்திருக்கும் துளைகளையும் சான்று பெற்ற அடைப்பான்களால் மூடவேண்டும்.

விதியும் பொறுப்பும்

இந்தியாவில் பெட்ரோலியம் விதிகள், 2002இன்படி, அபாயப் பகுதிகளில் நிறுவும் மின்கருவிகள் தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். சான்று பெற்ற கருவியும் தவறாகப் பொருத்தப்பட்டால் பயன் தராது. உள்ளார்ந்த பாதுகாப்புடைய வடங்களை வெளிர்நீல நிறத்தால் அடையாளப்படுத்தி, பிற மின்வடங்களிலிருந்து விலக்கி அமைத்தல் மரபு. பல ஆண்டுகள் கழித்துப் பழுதுபார்க்க வரும் பணியாளர், வரைபடத்தைக் காணாதபோதும், அந்நிறத்தைக் கண்டு வடத்தின் தன்மையை உணர்வார்.

எத்தனை வேகம், என்ன விலை என்று கேட்பதற்கு முன்னர், 'இவ்வடம் அறுந்தால் என்ன நிகழும்?' என்று கேட்பவரே இத்துறையில் சரியான தேர்வைச் செய்ய இயலும். அக்கேள்விக்கு வரைபடத்தின் நிலையிலேயே விடை கண்டுவிட்டால், வடத்தருகே நின்று பணிபுரிபவரின் உயிர் காக்கப்படும்.