பெருவிரலை மடக்கும் நாண்

இதனை வாசிப்போர் தம் இடக்கைப் பெருவிரலின் கீழ்க்கணுவை வலக்கையாற் பற்றிக்கொண்டு, நுனிக்கணுவை மாத்திரம் மடக்கிப் பார்ப்பாராக. அச்சிறிய அசைவை நிகழ்த்தும் தசை பெருவிரலில் இல்லை; முன்கையில், பெருவிரற் பக்கத்து எலும்பையொட்டிக் கிடக்கின்றது. அதினின்று புறப்படும் வெண்ணிறத் தசைநாண் ஒன்று, மணிக்கட்டின் குறுகிய வாயிலில், மற்ற விரல்களுக்குரிய எட்டு நாண்களோடும் ஒரு பெரிய நரம்போடும் நெருங்கி நுழைந்து, உள்ளங்கையின் தசைமேட்டைக் கடந்து, விரல் நுனியெலும்பின் அடியிற் பதிகின்றது. ஏனைய விரல்களுக்கு மடக்கும் நாண்கள் இவ்விரண்டு உள. பெருவிரலின் உறைக்குள் ஓடுவதோ இஃதொன்றே. ஆதலின் இது கெட்டால் நுனிக்கணுவை மடக்க வேறு துணையில்லை.

இந்நாண் எலும்பைவிட்டு விலகாதபடி, தூண்டிற்கோலில் நூலைத் தாங்கும் வளையங்கள்போல உறுதியான பட்டைகள் சில அதனைப் பிணித்துள்ளன. விரலடியிலுள்ள முதற் பட்டையிலேயே துன்பம் பெரும்பாலும் தொடங்குகின்றது. பட்டை தடித்து, நாணிலும் சிறு முடிச்சு உண்டாகுமாயின், மடங்கிய விரல் நிமிர மறுக்கும். வலிந்து நீட்டினாற் சடக்கென்று விடுபடும். பிரெஞ்சு வைத்தியராகிய நோட்டா என்பார் 1850-இல் இதனை விவரித்தெழுதினார். நீரிழிவுடையோர்க்கு இது மிகுதி. சிறு குழந்தைகளிடத்தும் காணப்படும். ஆனால் அங்கே பெரும்பாலும் வலியின்றி நுனி மடங்கியே நிற்பதால், எலும்பு முறிந்ததோவெனப் பெற்றோர் கலங்குவர். பெரியோர் பலருக்கு ஓய்வும், சிம்பு வைத்துக் கட்டுதலும், உறைக்குள் ஏற்றும் ஸ்டீராய்டு மருந்தும் போதும். போதாதார்க்கு அப்பட்டையைக் கீறி விடுவர். கீறல் சிறிதேயாயினும், விரலின் உணர்ச்சி நரம்பொன்று அவ்விடத்தே தோலுக்கு மிக அருகிற் சாய்வாகச் செல்வதால், தேர்ந்த கையே அதற்கு வேண்டும்.

காயமோ இதனினும் கொடிது. நம்மவர் பேச்சில் நாணும் நரம்பென்றே வழங்குவதாற் குழப்பம் நேர்கின்றது. உடைந்த கண்ணாடி பெருவிரலைக் கிழித்ததென்போம். நரம்பு அறுந்தால் தொடுவுணர்ச்சி குன்றும்; நாண் மாத்திரம் அறுந்தால் உணர்ச்சி குன்றாது, நுனி மடங்காது. இரத்தம் நின்று தோலும் ஆறிற்றென்று வாளாவிருப்பாருளர். அதற்குள் அறுந்த நாணின் மேல்முனையைத் தசை இழுத்து, சிலவேளை மணிக்கட்டுவரை கொண்டுபோய்விடுகின்றது. சில நாட்களுக்குள் வந்தால் முனைகளை நேரே சேர்த்துத் தைக்கலாம். மாதங்கள் கழிந்தபின் தசை சுருங்கிவிடுவதால், முன்கையிலுள்ள வேறொரு மெல்லிய நாணை எடுத்து இடையில் ஒட்டவேண்டி வருதலும் உண்டு. அம்மெல்லிய நாணோ சிலருக்குப் பிறவியிலேயே இல்லை.