முகம் தெரிந்த ஏழை

பெத்தானியாவில் மரியா இயேசுவின் காலடிகளில் நறுமணத் தைலம் பூசியபோது, அதை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவர் யூதாசு. கேள்வி நல்லதுதான். ஆனால் அவருக்கு ஏழைகள்மீது அக்கறை இல்லை என்கிறார் யோவான். ஏழைகள் அவர் வாயில் இருந்தார்கள். ஓர் ஏழையின் முகமும் அவர் மனத்தில் இல்லை.

முகம் பார்த்துப் போனவர்களும் நம் தமிழகத்தில் உண்டு. 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழா இரவு. கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழவெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கண்டனங்கள் எழுந்தன; அவையும் தேவையே. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் கணவர் ஜெகந்நாதனும் அந்தப் பகுதிக்கே போய் மக்களோடு தங்கினார்கள். 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற பெண்களின் பெயரிலேயே நிலம் கிடைக்கச் செய்தார்கள்.

கொள்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. நீதி கேட்டு நாமும் குரல் கொடுக்கிறோம். ஆனால் நம் கீழ்பென்னாத்தூரில், நம் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க வரும் தாய்க்குப் பேசிய கூலியை அன்று மாலையே கொடுத்தோமா? அவர் பெயராவது நமக்குத் தெரியுமா? இந்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.