துப்பாக்கியிலிருந்து வில்லுக்கு: அமெரிக்கப் பொதுக் காடுகளில் மான் வேட்டைக்காரர்கள் ஏன் மாறுகிறார்கள்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் ஒரு டீமுடன் வேலை பார்க்கிறீர்களா? நவம்பர் கடைசியில் முக்கியமான மீட்டிங் எதுவும் வைக்காதீர்கள். ‘டீர் சீசன்’ என்று சொல்லிவிட்டு ஆட்கள் லீவில் போயிருப்பார்கள். தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாட்கள் அங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாட அனுமதி உண்டு. சுமார் ஐந்தரை லட்சம் பேர் அதற்கு லைசென்ஸ் வாங்குகிறார்கள்.

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடினால் ஜெயில். அங்கே அரசே லைசென்ஸ் விற்கிறது. எப்படி?

1900 வாக்கில் வட அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் சுமார் 5 லட்சம்தான் மிஞ்சியிருந்தன என்று மதிப்பிடப்படுகிறது. சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டதுதான் காரணம். பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. சீசன், லைசென்ஸ், ஆளுக்கு இத்தனைதான் என்ற வரம்பு எல்லாம் வந்தன. 1937-ல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்து, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்குமான வரிப் பணத்தை மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்கு ஒதுக்கியது. 1970-களில் வில்லும் அம்பும் அந்த வரிக்குள் வந்தன. இன்று மான்கள் சுமார் 3 கோடி. ஓநாயும் பூமாவும் நாட்டின் பெரும்பகுதியில் இல்லை என்பதால், மான் எண்ணிக்கையை மட்டுப்படுத்துவது மனிதர்கள் வேலையாகிவிட்டது. இது சரியா என்ற விவாதம் அங்கேயும் முடிந்தபாடில்லை.

ஒன்பது நாளா, மூன்றரை மாதமா?

சொந்த நிலம் இல்லாதவர்கள் தேசிய வனம், மாநில வனம் போன்ற பொது நிலங்களுக்குத்தான் போக வேண்டும். துப்பாக்கி சீசன் தொடங்கும் காலையில் அங்கே பார்க்கிங் கிடைப்பதே கஷ்டம். இடுப்புக்கு மேல் போடும் உடையில் பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க்கில் இருக்க வேண்டும் என்பது விஸ்கான்சின் விதி. ஒருவரை ஒருவர் தவறிச் சுட்டுவிடக் கூடாது இல்லையா? முதல் வெடிச் சத்தம் கேட்டதுமே மான்கள் புதருக்குள் பதுங்கி, இருட்டிய பிறகே வெளியே வர ஆரம்பிக்கும்.

வில் சீசன் கதையே வேறு. செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரங்கள் வரை போகிறது. முக்கியமாக, நவம்பர் முதல் பாதியில் வரும் இனச்சேர்க்கைக் காலம் இதற்குள் அடங்கும். வருடம் முழுக்க உஷாராக இருக்கும் ஆண் மான், பெண் மானைத் தேடிப் பட்டப்பகலில் அலையும் நாட்கள் அவை. துப்பாக்கிக்காரர்கள் வரும்போது அந்த உச்சம் தாண்டியிருக்கும். நாளும் அதிகம், கூட்டமும் குறைவு. மாறுவதற்கு இந்த இரண்டு காரணங்களே பலருக்குப் போதும்.

தூரம்தான் எல்லாமே

மாறியவர்களுக்கு முதல் அடி விழுவது இங்கேதான். ஸ்கோப் வைத்த ரைஃபிளால் 200 மீட்டரில் இருக்கும் மானைச் சுடுவது, பயிற்சி உள்ளவருக்குப் பெரிய விஷயமில்லை. வில்லில் பலரும் தங்களுக்கு வைத்துக்கொள்ளும் எல்லை 25, 30 மீட்டர்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நல்ல காம்பவுண்ட் வில்லிலிருந்து அம்பு விநாடிக்கு சுமார் 85 மீட்டர் வேகத்தில் போகிறது. 25 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.3 விநாடி. ஆனால் நாண் அதிரும் சத்தம் விநாடிக்கு சுமார் 340 மீட்டர் வேகத்தில் முந்திப் போய் மானின் காதில் விழுந்துவிடும். மிச்சம் இருக்கும் 0.2 விநாடியில் மான், துள்ளி ஓடுவதற்காக முதலில் உடம்பைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும், அல்லது படக் கூடாத இடத்தில் படும். தோட்டா சத்தத்தைவிட வேகமானது. அங்கே இந்தப் பிரச்சினையே கிடையாது.

இன்னொன்று, அம்பு விழும் வளைவு. மான் 25 மீட்டரில் நிற்கிறது என்று நினைத்து விடுகிறீர்கள், உண்மையில் 30-ல் நிற்கிறது என்றால், அம்பு சுமார் 10 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். நுரையீரலுக்கு வைத்த குறி காலில் படலாம். அதனால்தான் வில்லுக்கு அடுத்தபடியாக வாங்கும் பொருள் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர். பார்த்ததும் தூரத்தைச் சரியாகச் சொல்லிவிடுவேன் என்ற தன்னம்பிக்கையை நம்பாதீர்கள்.

வில்லை இழுப்பது அவ்வளவு சிரமமா என்றால், இப்போது இல்லை. 1960-களில் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலெஸ் ஆலன் கண்டுபிடித்த காம்பவுண்ட் வில்லில் இரு முனையிலும் சக்கரங்கள் உண்டு. 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ இழுவிசை உள்ள வில்லை முழுசாக இழுத்து முடித்ததும், சக்கரம் சுழன்று பாரத்தில் 80 சதவீதம்வரை தாங்கிக்கொள்ளும். கையில் நிற்பது ஐந்தரை கிலோதான். மான் ஒரு மரத்தின் பின்னாலிருந்து வெளியே வரும்வரை இழுத்த நாணோடு காத்திருக்க முடிவது இதனால்தான். ஆனால் இழுக்கும் அந்த ஒரு அசைவை மான் பார்க்காமல் செய்ய வேண்டும். பத்திருபது மீட்டரில்!

அம்பு பட்டால் என்ன ஆகும்?

சத்தம் இல்லாததால் வில் வேட்டை ஏதோ மென்மையானது என்று நினைத்தால் அது தப்பு. தோட்டா அதன் ஆற்றலால் திசுக்களைச் சிதைக்கிறது. அம்பின் முனையில் இருக்கும் கூரான பிளேடுகள் வெட்டுகின்றன, ரத்தம் வெளியேறி மான் சாகிறது. இரண்டு நுரையீரலும் அறுபட்டால் சில விநாடிகளில் விழுந்துவிடும். குடலில் பட்டால் பல மணி நேரம் வேதனை, கிடைக்காமலே போகவும் கூடும். எனவே மான் பக்கவாட்டில் நிற்கும்போதோ, கொஞ்சம் அப்பால் திரும்பியிருக்கும்போதோ மட்டுமே அம்பு விட வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் அழுத்திச் சொல்கிறார்கள். முகத்துக்கு நேராக நின்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

பட்டதும் ஓடிப்போய்த் தேடவும் கூடாது. நல்ல அடி என்றாலும் அரை மணி நேரம் காத்திருந்து, ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். குடலில் பட்ட அறிகுறி தெரிந்தால் பல மணி நேரம் கழித்தே கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் படுத்திருக்கும் மான் எழுந்து இன்னும் தூரம் போய்விடும். காயம்பட்ட மானைத் தேடும் அந்த ராத்திரிகள்தான் வில்லின் உண்மையான விலை. அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாராக இல்லாதவர்கள் ரைஃபிளோடு இருப்பதே மானுக்கு நல்லது.

பொது நிலத்தில் பரண்

பெரும்பாலும் மரத்தில் பரண் கட்டி உட்காருகிறார்கள். மனித வாசனை கொஞ்சமாவது மேலே போகட்டும் என்பதற்காக! ஆனாலும் காற்று மான் வரும் திசைக்கு அடித்தால் அன்றைக்கு இடத்தை மாற்றத்தான் வேண்டும். பொது நிலங்கள் பலவற்றில் மரத்தில் ஆணி அடிக்கத் தடை. எனவே கழற்றித் தூக்கிப் போகக்கூடிய பரண்தான். மான் வேட்டையில் அதிகம் பேர் காயப்படுவதற்கு இந்தப் பரணிலிருந்து விழுவது ஒரு முக்கியக் காரணம். ஏறத் தொடங்கியதிலிருந்து இறங்கும்வரை ஹார்னஸைக் கழற்றக் கூடாது.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போச்சு, வீட்டில் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். வில் அந்தச் சட்டத்தின்படி துப்பாக்கி அல்ல. அதனால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை. ஆனால் வேட்டைக்கு லைசென்ஸ் கட்டாயம். விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள், வில்லானாலும் துப்பாக்கியானாலும், வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழைக் காட்டினால்தான் லைசென்ஸ் கிடைக்கும்.